ஒரு பஸ் ஆட்களுக்குச் சாப்பாடு

உண்மையைச் சொன்னால், சார், நான் நண்டு சாப்பிடுகிற ஆளே இல்லை. ஓட்டை உடைத்து, உறிஞ்சி, முழங்கை வரை மசாலா வழிய உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வஞ்சிரத்தில் ஒரு துண்டு, கொஞ்சம் ரசம், அதோடு எழுந்துவிடுவேன். ஆகவே நண்டுக்கு ஆசைப்பட்டு இதெல்லாம் நடந்தது என்று யாராவது சொன்னால் அது தவறு. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர், விலாசம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. பெரம்பூரில் வீடு, ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. போன தடவை நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வந்தேன். இந்தத் தடவை நானாக வந்திருக்கிறேன். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஜோயலிடமிருந்து ஆரம்பிப்பதுதான் சரி.

ஜோயல் என் மனைவி ஜெனிஃபரின் அண்ணன். குவைத்தில் இருக்கிறார். நல்ல மனிதர், கலகலப்பானவர். சில வருஷங்களுக்கு முன் எல்லோருமாக மாமல்லபுரம் போனபோது ஒரு பையன் என் பின்னாலேயே வந்து ஒரு கல் யானையை என் தலையில் கட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து அதைக் குழாயடியில் கழுவினேன். தும்பிக்கை கையோடு வந்துவிட்டது. கல் இல்லை, ஏதோ மாவு. அன்றிலிருந்து கிறிஸ்துமஸ், கல்யாணம், துக்க வீடு எதுவாக இருந்தாலும் ஜோயல் அந்தக் கதையைச் சொல்லுவார். "எங்க மாப்ள யானையைக் குளிப்பாட்டினாரு, யானை சாக்கடையில போயிடுச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். ஜெனிஃபரும் சிரிப்பாள். நானும்தான் சிரிப்பேன்.

அதற்குப் பிறகு ஊர் சுற்றப் போகிற இடங்களில் வியாபாரிகளைச் சமாளிப்பதற்கு நான் சில வழிகளைப் பழகிக்கொண்டேன். முகத்தைப் பார்க்கக் கூடாது. சாமானைப் பார்க்கவே கூடாது. விலை கேட்டால் தொலைந்தோம். "அப்புறம் வரேன்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, அவர்கள் அதை வாக்காக எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் ஆபீசில் புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பொங்கல் லீவில் ஜோயலும் அவர் மனைவி கிறிஸ்டினாவும் வந்திருந்தார்கள். பூநாரை பார்க்க வேண்டும் என்று கிறிஸ்டினா ஆசைப்பட்டதால் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். நான்தான் கார் ஓட்டினேன். நிறுத்திக் கதவைத் திறப்பதற்குள் சூழ்ந்துகொண்டார்கள். சிப்பி மாலை, ஓலைப் பெட்டி, கருவாட்டுப் பொட்டலம். படகு சவாரி கூடாது என்று பலகை இருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று ஒருவர் என் காதோரம் படகுக்குக் கூப்பிட்டார். நான் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். என் முறை பலிக்கிறது என்று ஜோயல் கவனித்தாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஒருத்தி மட்டும் போகவில்லை.

புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள். கையில் கயிற்றால் கட்டிய ஒரு நண்டு, உயிரோடு. பாலத்துக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிய கடை அவளுடையது. என்னை விட்டுவிட்டு ஜெனிஃபரிடம் பேசினாள்.

"அண்ணி, இப்பதான் ஏரில இருந்து வந்துச்சு. உங்க கண்ணு முன்னாடியே செஞ்சு குடுக்கறேன். உக்காந்து ஒரு வாய் துன்னு பாருங்க, புடிக்கலன்னா எழுந்து போய்க்கினே இருங்க."

நான் நடந்தேன். அவளும் நடந்தாள். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் நாங்கள் போனபோது கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். வெளியே வந்ததும், "வெயில்ல நிக்காதீங்கக்கா, நம்ம கடைல நெழல் கீது" என்று கிறிஸ்டினாவிடம் ஆரம்பித்தாள். ஏரிக்கரைக்குப் போனோம், அங்கேயும் வந்தாள். பூநாரைகள் தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரித் தெரிந்தன. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவளே கிறிஸ்டினாவின் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். சீசனில் பெரிய கார்கள் எல்லாம் ரோட்டோரத்து ஏசி ஓட்டலுக்குப் போய்விடுகின்றன என்றாள். அன்று காலையிலிருந்து ஒருவரும் அவள் கடையில் உட்காரவில்லை என்றாள்.

"பாவம், போலாமே," என்றாள் கிறிஸ்டினா.

"வேணாம்," என்றேன்.

அப்போதுதான் அவள் ஜெனிஃபரிடம் சொன்னாள். "அண்ணன் கைய நீட்னா துட்டு கீழ வுழுந்துடும்னு பயப்படறாரு போல. நீங்க சொல்லுங்க அண்ணி, கேப்பாரு."

ஜோயல் வாய்விட்டுச் சிரித்தார். "மாப்ள, பாத்த ஒடனே உன்னைக் கண்டுபிடிச்சிட்டாங்க," என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. அவளிடம், நடுரோட்டில், யானைக் கதையை ஆரம்பித்துவிட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதில் கேலி இல்லை, வியாபாரம் படியப்போகிறது என்ற சந்தோஷம்தான் இருந்தது. அது எனக்கு இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, சார். இறங்கும்.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

"கஸ்தூரிண்ணா."

"கஸ்தூரி, நாங்க முன்னாடி இடம் பாக்க வந்தவங்க. பின்னாடி எங்க கம்பெனி பஸ் வருது. ஒரு பஸ் ஆளுங்களுக்கு மதியச் சாப்பாடு வேணும். உன்னால முடியுமா? முடியலன்னா சொல்லிடு."

நண்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நெஜமாத்தான் சொல்றீங்களாண்ணா?" என்றாள்.

அவளோடு தார்ப்பாய்க் கடை வரைக்கும் நடந்தேன். சேற்று நண்டு மட்டும்தான் வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும், கடல் நண்டும் இறாலும் எங்கள் ஆட்களுக்கு அலுத்துவிட்டது என்றேன். பெயர் பெஞ்சமின் என்றேன். ஒரு போன் நம்பர் கொடுத்தேன், அது யாருடையது என்று எனக்கே தெரியாது. முன்பணம் கேட்பாள், அங்கே இது முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்கவில்லை. "அட்வான்ஸ்லாம் வேணாண்ணா. ஏமாத்த மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்," என்றாள். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "மாதா மேல சொல்லுங்க," என்றாள். அங்கிருந்து பார்த்தால் மாதா கோயில் கோபுரம் தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

காருக்கு வந்ததும் ஜோயல் என் முதுகில் தட்டினார். ரோட்டோரத்து ஏசி ஓட்டலில் சாப்பிட்டோம். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. "மாப்ள, உன்னை என்னவோன்னு நெனச்சேன். இனிமே யானைக் கதைய எடுக்க மாட்டேன், சத்தியம்," என்றார். அந்த வாக்கை அவர் இன்றுவரை காப்பாற்றிவருகிறார்.

ஜெனிஃபர் சரியாகச் சாப்பிடவில்லை. காரம் என்றாள்.

திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில் வண்டிகள் நெருங்கி நின்றுவிட்டன. தார்ப்பாய்க் கடை எங்கள் இடதுபக்கம் இருந்தது. அதன் முன்னால் ஒரு சாமியானாத் துணி கட்டியிருந்தார்கள். எங்கிருந்தோ பெஞ்சுகள் வந்திருந்தன, எல்லாம் வேறு வேறு உயரம். வாழை இலையைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். பக்கத்துக் கடைப் பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அன்று வியாபாரம் இல்லை போலிருக்கிறது, அவளுக்குக் கைகொடுக்க வந்திருந்தார்கள்.

கஸ்தூரி எங்கள் காரைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களாண்ணா. பஸ்சு பின்னாடி வருதா? சோறு வடிச்சாச்சு, கொழம்பு கொதிக்குது. எங்க வூட்டுக்காரருதான் இன்னும் வரல. முகத்துவாரம் வரிக்கும் போயிருக்காரு, வந்துக்கினே இருப்பாரு. வந்த ஒடனே ஒடச்சுப் போட்டா ஆச்சு."

நான், "யாரும்மா நீ?" என்றேன்.

அவள் சிரித்தாள். "இன்னாண்ணா, வெளாடறீங்க. கஸ்தூரிண்ணா."

"உன்னை நான் பாத்ததே இல்லம்மா. வேற யாரோ சொல்லியிருப்பாங்க. கையை எடு."

கண்ணாடியை ஏற்றினேன். அவள் கையை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தாள். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனபின் ஜோயல், "அந்த நண்டையெல்லாம் சென்னைக்கு ஏத்திடுவாங்க, ஒண்ணும் நஷ்டம் ஆகாது," என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். பெட்ரோல் பங்கில் ஜெனிஃபர் இறங்கி, ஈரத் துணி வாங்கி, கண்ணாடியில் இருந்த மஞ்சள் கைத்தடத்தைத் துடைத்தாள்.

அவள் புருஷன் தருமன் நண்டோடு வரவில்லை. மறுநாள்தான் கிடைத்தார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகத்துவாரத்துக்கு உள்பக்கம், வலை கட்டுகிற கழியில் சட்டை மாட்டிக்கொண்டிருந்ததாகவும், இடுப்பில் கட்டிய பறிக்கூடை அப்படியே இருந்ததாகவும் சொன்னீர்கள். பறிக்குள் நண்டு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது.

இதே அறையில்தான் எங்களை நிறுத்தினீர்கள். எதிர்க் கடைக் கேமராவில் கார் நம்பர் இருந்தது. ஒரு பக்கம் நானும் ஜெனிஃபரும். இன்னொரு பக்கம் கஸ்தூரியும் அவள் மாமியார் நாகம்மாளும். நான் ஆர்டர் எதுவும் கொடுக்கவில்லை என்றேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனோம், அவ்வளவுதான் என்றேன். கோபப்படாமல், மரியாதையாகச் சொன்னேன். நீங்கள் எனக்கு நாற்காலி கொடுத்தீர்கள்.

நாகம்மாள் மருமகளைப் பார்த்துச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "ஒரு பஸ்சு ஆளுங்களாம். இந்தக் கிழிஞ்ச தார்ப்பாயிக்கு. பெரும பேசறதுக்கு என் புள்ளைய தண்ணில தள்ளி வுட்டுட்டு, இப்ப கதை சொல்றா."

கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள், இவர்தானா என்று. கடைசியில் சொன்னாள்: "மூஞ்சி இதேதான் சார். ஆனா அந்த அண்ணன் பேரு பெஞ்சமினு. மாதா மேல சத்தியம் பண்ணாரு. சத்தியம் பண்ணவரு இப்டி நின்னுக்கினு இல்லன்னு சொல்ல மாட்டாரு. இவரு வேற ஆளா இருக்கும்."

ஜெனிஃபர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதற்கப்புறம் ஒரு தடவை இங்கே வந்தேன். லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல். தார்ப்பாய்க் கடை இருந்த இடத்தில் வெறும் கற்கள்தான் இருந்தன. பக்கத்துக் கடை மணியம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறும் மீனும் போட்டாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் கேட்டுத்தான் சொன்னாள். தருமன் வீட்டார் கஸ்தூரியைக் காரியம் முடிவதற்குள்ளேயே தங்கள் ஊர் தோணிரேவை விட்டு அனுப்பிவிட்டார்களாம். மீஞ்சூர்ப் பக்கம் எங்கோ இறால் உரிக்கிற ஷெட்டில் நிற்கிறாளாம். ஒருவர் ஆர்டர் கொடுத்தார் என்று அவள் சொல்வதை இன்னும் யாரும் நம்பவில்லையாம்.

"அவளோ, பஸ்சு வழியில ரிப்பேரு ஆயிருக்கும், அதான் அவங்க வரலன்னு இன்னமும் சொல்லிக்கினு கீறா," என்றாள் மணியம்மாள். "இன்னும் ரெண்டு துண்டு வெக்கட்டுமாண்ணா?"

வைக்கச் சொன்னேன். அன்று யார் எதை நீட்டினாலும் வாங்கினேன். சிப்பி மாலை, ஓலைப் பெட்டி, கருவாடு, சங்கு, பிளாஸ்டிக் விசிறி வரை. யாரிடமும் பேரம் பேசவில்லை. எல்லோர் முகத்தையும் பார்த்தேன். ஒருவர் என்னை மகராசன் என்றார். இரண்டு பை நிறையச் சாமானோடு பொன்னேரி பஸ் ஏறியபோது மனசு லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால்தான் இப்போது எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

பைகளை ஜெனிஃபர் பிரித்துப் பார்த்தாள். ஓலைப் பெட்டிகளை வரிசையாகச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். அன்று சமைக்கவில்லை.

நானாக வந்தேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அது முழுக்கச் சரி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்து திரும்பும்போது ஜெனிஃபர் சொன்னாள், "நீங்க போய்ச் சொல்றீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?" அவள் சொன்னால் வேறு மாதிரிச் சொல்லிவிடுவாள். அதனால் நான் வந்தேன்.

அவள் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை நான் தாண்டிப் போய்விட்டேன். நீங்கள் எழுதிக்கொண்டே இருந்ததால் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சத்தியம் செய்த பிறகு நான் உடனே கிளம்பிவிடவில்லை. கஸ்தூரி புருஷனுக்குப் போன் போட்டாள். அதற்குள் மசாலாவில் கை வைத்துவிட்டதால் போனைப் பலகை மேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினாள். ஜெனிஃபர் என்னைக் கூப்பிட வந்தவள் பக்கத்தில் நின்றாள். தருமன் தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் பேசினார். விடியற்காலையிலேயே தண்ணீரில் இருந்துவிட்டு வந்து படுத்திருந்தாராம். சேற்று நண்டு இவ்வளவு வேண்டுமானால் முகத்துவாரத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்.

"இன்னிக்கு வேணாம் கஸ்தூரி. வாடக் காத்து ஓங்கி அடிக்குது. தண்ணி வேற கடலுக்கு இழுத்துக்கினு போற நேரம். உள்ள எறங்கினா நிக்க முடியாது. எறா இருக்குது, அத குடுக்கலாம். அவர கேளு."

அவள் என்னைத்தான் கேட்டாள். "அண்ணா, எறா தொக்கு செஞ்சு குடுக்கட்டா? நண்டு சாதா நண்டா போடறேன். அவரு இன்னிக்கு தண்ணி சரி இல்லன்றாரு."

கேள்வி தெளிவாக இருந்தது, சார். பதிலும் எனக்குத் தெரிந்தே இருந்தது. "சரி, இறாலே போதும்" என்று சொல்லியிருந்தாலும் என் திட்டம் கெட்டிருக்காது. பஸ் எப்படியும் வரப்போவதில்லை. அவள் இறாலைச் சமைத்துவிட்டு ஏமாந்து உட்கார்ந்திருப்பாள். ஜோயல் அதற்கும் சிரித்திருப்பார். தருமன் திரும்பிப் படுத்துத் தூங்கியிருப்பார்.

நான் சொன்னது இது: "சேத்து நண்டு இல்லன்னா வேணாம். பக்கத்துக் கடையில சொல்லிக்கிறேன்."

அவள் பயந்துவிட்டாள். போனைப் பார்த்துக் குனிந்து, "நீ போய்ட்டு வாய்யா. ஒரு வாட்டி. இந்த ஆர்டரு போனா திரும்பி வராது," என்றாள். அவர், "சரி, ஒலைய வை," என்றார். அவர் குரலை நான் கேட்டது அவ்வளவுதான். காருக்கு நடக்கும்போது ஜெனிஃபர் என் சட்டைக் கையைப் பிடித்து, "போய் வேணாம்னு சொல்லிட்டு வாங்க," என்றாள். ஜோயல் கார் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அதனால், அவர் தானாகத் தண்ணீரில் இறங்கவில்லை. அவளும் அவரைத் தள்ளவில்லை. தண்ணீர் சரியில்லை என்று என் காதால் கேட்டுவிட்டு, வராத பஸ்ஸுக்காக, நான் சாப்பிடாத நண்டுக்காக, நான்தான் அவரை அனுப்பினேன். இதற்கு எந்தச் செக்‌ஷன் என்று எனக்குத் தெரியாது. எதுவும் வராது என்று நீங்கள் சொன்னாலும் சரி. ஊர்க்காரர்களுக்கும் அந்த மாமியாருக்கும் இதைப் படித்துக் காட்டிவிடுங்கள். கஸ்தூரி பொய் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு அது போதும். என் மனசில் இனி மறைக்க ஒன்றும் இல்லை. எதற்கும், யாருக்கும் முகம் கொடுக்கத் தயாராகத்தான் வந்திருக்கிறேன்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கஸ்தூரியையும் வரச் சொல்லி அனுப்பினீர்களா, எப்போது? நான் உள்ளே வந்ததுமேவா? அப்படியென்றால் வெளியே பெஞ்சில் பெண் குரல் கேட்கிறதே, அது அவள்தானா?

இல்லை, எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. நீங்களே படித்துக் காட்டினால் அவளுக்கு இன்னும் நன்றாகப் புரியும். ரயிலுக்கும் நேரமாகிறது. இந்த ஸ்டேஷனுக்குப் பின்பக்கமாக வெளியே போக வழி ஏதாவது இருக்கிறதா, சார்?